யாக்கோபின் கிணறும் நம் தோட்டத்து ஈரமும்



இன்று தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. முதல் வாசகத்தில் இஸ்ரயேல் மக்கள் இரபிதிமில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மோசேயோடு சண்டைக்கு நிற்கிறார்கள். நற்செய்தியில் இயேசு நடந்து களைத்துப்போய், உச்சிவெயிலில் கிணற்றடியில் உட்கார்ந்து, ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். வேறு ஊர்களில் குருவானவர் தாகம் என்றால் என்னவென்று முதலில் விளக்க வேண்டியிருக்கும். கெடாவில் அந்தச் சிரமம் இல்லை. நமக்குத் தவக்காலம் வருவதே வறட்சிக் காலத்தில்தான்.

ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளக்காடாக்கும். அதே காற்று தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி நம் பக்கம் வரும்போது அதன் மடியில் மழை மிச்சம் இருப்பதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் இந்த வட்டாரத்தின் மாத மழை பெரும்பாலும் 100 மில்லிமீட்டரை எட்டாது. ரப்பர்ப் பால் மரங்கள் இலையை உதிர்த்துவிடும். இந்த நாட்களில் தோட்டத்துத் தீம்பாருக்குள் நடந்தால் காலடியில் சருகு அப்பளமாய் நொறுங்கும்.

தஞ்சோங் டாவாய் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆற்று முகத்துவாரத்தில் நெத்திலி காயப்போடுகிறவர்களுக்கு இது நல்ல வெயில். மேகம் கறுத்தால்தான் அவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கடலோரத்தில் கருவாட்டைக் காயவைக்கும் அதே வெயில், கொஞ்ச தூரம் உள்ளே, செமிலிங்கிலும் பீடோங்கிலும் மண்ணைக் காயவைக்கிறது. கடலோரமும் முழுக்கத் தப்பிவிடுவதில்லை. மழை குறைந்தால் மெர்போக் ஆற்றில் இறங்கும் நன்னீர் குறையும், உப்புநீர் மேலே மேலே ஏறும். அங்கேயுள்ள சதுப்புநிலக் காடும், அதன் வேர்களுக்கிடையில் வளரும் இறாலும் மீன்குஞ்சும், உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரை நம்பி வாழ்பவை.

நற்செய்திக்கு வருவோம். அந்தச் சமாரியப் பெண்ணின் ஐந்து கணவர்களைப் பற்றியே பேசி இந்த அருமையான பகுதியை வீணடித்த மறையுரைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இன்று அவளை விட்டுவிடுவோம். அந்தக் கிணற்றைப் பார்ப்போம். அது யாக்கோபு தங்களுக்குக் கொடுத்த கிணறு என்கிறாள் அவள். அவரும் அதிலிருந்து குடித்தார், அவருடைய பிள்ளைகளும் ஆடுமாடுகளும் குடித்தன என்று பெருமையாகச் சொல்கிறாள். யாக்கோபு வாழ்ந்த காலத்துக்கும் இவள் குடத்தோடு வந்த நாளுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. எத்தனையோ அரசர்கள் வந்து போனார்கள், கோவில்கள் இடிந்தன, மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தது. இன்றைக்கும் நாப்லுஸ் நகரில், ஆர்த்தடாக்ஸ் கோவில் ஒன்றுக்குள், அந்தக் கிணற்றைக் காட்டுகிறார்கள். யாரோ தோண்டினார்கள், யாரோ தூர் வாரினார்கள், யாரும் அதை நிரவிவிடவில்லை. அதனால்தான் உலக மீட்பருக்கு உட்கார ஒரு கிணற்றடி கிடைத்தது.

நம் தாத்தா பாட்டிகளும் தோண்டியவர்கள்தான். ஆனால் இந்தக் கதை கொஞ்சம் கோணலானது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை அழித்து ரப்பர் நட்ட துரைமார்கள், பால் மரத்தடியில் ஒரு புல் கூட இருக்கக்கூடாது என்று நினைத்தார்கள். கப்பலில் வந்து இறங்கிய நம் பெண்கள் பலருக்குக் கிடைத்த முதல் வேலை புல் வெட்டு. மண்ணை வழித்து மொட்டையாக்குவதற்குத்தான் கூலி. மழை பெய்தபோது மேல்மண் சேறாகக் கரைந்து ஓடையில் போனது. பல ஆண்டுகள் போன பிறகுதான் புத்தி வந்தது. 1925-ல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மரங்களுக்கிடையே மூடுகொடி வளர்ப்பதும், சரிவுகளில் வரப்புக் கட்டுவதும், நிரைகளுக்கு நடுவே குழி வெட்டி ஓடுகிற தண்ணீரையும் வண்டலையும் பிடித்து நிறுத்துவதும் தோட்டங்களில் பரவின. முன்பு மண்ணை மொட்டையடித்த அதே கைகளிடம் மண்வெட்டியைக் கொடுத்துக் குழி வெட்டச் சொன்னார்கள். ஒரு மழை போன பிறகு அந்தக் குழியருகே குந்தி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடியில் காப்பி நிறத் தண்ணீர், அதன்மேல் மிதக்கும் இலைகள், பக்கச் சுவரில் வெள்ளை நூலாக நீட்டியிருக்கும் பால் மரத்து இளவேர்கள். மரம் அங்கே வந்து குடித்திருக்கிறது.

உங்களில் பால் வெட்டிய கைகள் பல உண்டு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் ஏன் போனீர்கள்? இரவெல்லாம் வேர் உறிஞ்சிய தண்ணீரால் மரம் புடைத்திருக்கும் நேரம் அது. வெயில் ஏற ஏற இலை ஈரத்தை ஆவியாக விடும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் நின்றுவிடும். மங்குக் கிண்ணத்தில் விழும் பாலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். மண்ணில் ஈரம் குறைந்தால் மங்கில் பால் குறையும், மங்கில் குறைந்தால் சம்பளத்தில் குறையும்.

செம்பனை இன்னும் நுட்பமானது. அதற்கு மாதத்துக்கு 150 மில்லிமீட்டராவது மழை வேண்டும். கிடைக்காவிட்டால் உடனே வாடி விழாது, பார்க்கப் பச்சையாகவே நிற்கும். உள்ளுக்குள் மட்டும் கணக்குப் போடும். குலையாகப் போகும் பெண்பூவைக் குறைத்து, காய்க்காத ஆண்பூவைக் கூட்டிவிடும். இன்றைய வறட்சி ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்துத்தான் குலைகளின் எண்ணிக்கையில் தெரியும். அதற்குள் மழை வந்து எல்லாரும் வறட்சியை மறந்திருப்பார்கள். அப்போது டன் கணக்குக் குறைந்து, சம்பளச் சீட்டைப் பார்த்து ஒரு தொழிலாளி விழிக்கும்போது, பழி அவர் சோம்பலின்மேல் விழும்.

வானிலை பற்றி நாம் பேசுவதெல்லாம் மழை பெய்ததா இல்லையா என்பதோடு முடிந்துவிடுகிறது. மண்ணுக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதை மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் கூட உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மழை அளவு மாறாமலிருந்தும் மண் முன்பைவிட வேகமாகக் காயலாம். 1998 ஏப்ரல் 9 அன்று பக்கத்துப் பெர்லிஸின் சுப்பிங்கில் 40.1 பாகை பதிவானது. 2016 ஏப்ரலில் வெப்பத்துக்குப் பயந்து பெர்லிஸிலும் கெடாவிலும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 2015-ல் நாசா ஏவிய ஒரு செயற்கைக்கோள் உலகம் முழுதும் மண்ணின் ஈரத்தை அளக்கிறது, ஆனால் அதன் கண்ணுக்கு எட்டுவது மேல்மண்ணில் 5 சென்டிமீட்டர்தான். பால் மரத்தின் ஆணிவேர் இருக்கும் ஆழத்தை அறிய இன்னமும் மண்வெட்டி வேண்டும்.

நம் கெடா நெல்வயல்களின் வறட்சி வரலாறு எழுத்திலேயே இருக்கிறது. மூடா, பெடு அணைகள் கட்டி முடிந்து பத்தாண்டு கூட ஆகவில்லை. 1978-ல் மழை பொய்த்து, மூடா சமவெளியில் ஒரு போகம் நடவையே கைவிட வேண்டியதாயிற்று. அணை இருந்தால் கவலையில்லை என்றவர்கள் அன்று வாயடைத்துப் போனார்கள். அணைக்குத் தண்ணீர் கொடுப்பது உலு மூடா காடு. பினாங்கு மாநிலம் தன் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அங்கிருந்து வரும் மூடா ஆற்றிலிருந்துதான் எடுக்கிறது. அந்தக் காட்டில் மரம் வெட்டுவதா கூடாதா, தண்ணீருக்கு யார் யாருக்குக் காசு கொடுப்பது என்று கெடாவும் பினாங்கும் ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கின்றன. அரசியலுக்குள் நான் போகவில்லை. மழைக்காடு பெய்த மழையைக் குடித்து மெதுவாக ஆற்றுக்கு விடுகிறது. மொட்டை மலை அதை ஒரே நாளில் கொட்டிவிடும். இதைச் சொல்ல அரசியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் வாசகத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? தண்ணீர் கேட்டு முறுமுறுத்த மக்களைக் கடவுள் அந்த இடத்தில் அடிக்கவில்லை. அவர்கள் கேட்ட விதத்தில் பிழை இருந்தது, ஆண்டவரையே சோதித்தார்கள். ஆனால் தாகம் உண்மையானது, பிள்ளைகளும் கால்நடைகளும் செத்துவிடுமே என்ற பயம் உண்மையானது. கடவுள் முதலில் தண்ணீரைக் கொடுத்தார். அதுவும் மோசேயை மூப்பர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு மக்களுக்கு முன்னே போகச் சொல்லி, அவர்கள் கண்ணெதிரே கொடுத்தார். தாகம் தீர்ப்பது ஊர்த் தலைவர்களும் கூட நின்று பார்க்க வேண்டிய காரியம் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீரைப் பெறுவது மனித உரிமை என்று தெளிவாகச் சொன்னார். கருணையால் போடும் பிச்சையாக அவர் அதைப் பார்க்கவில்லை.

வறட்சி எல்லார்மேலும் ஒன்றுபோல விழுவதில்லை. கூரைமேல் பெரிய தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்குக் குழாய் இரண்டு நாள் நின்றாலும் தெரியாது. சுங்கைப்பட்டாணியில் வாடகை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படியேறுவது ஒரு நாள் வேலை. இன்று தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்கள் யார்? பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள். நூறாண்டுக்கு முன்னால் நம் முன்னோர் இருந்த இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். மொழி தெரியாது, கேள்வி கேட்கப் பயம், நண்பகல் வெயிலில் நீண்ட துறட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். யூதரோடு பழகாத சமாரியரின் ஊரில், அந்நியரான இயேசுதான் தாகத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாளா என்று யோவான் எழுதவே இல்லை. அந்தப் பதிலை நாம்தான் எழுத வேண்டும்போலிருக்கிறது.

நம் பக்கத்துத் தவற்றையும் பேசுவோம். தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்தவர்கள் முதலில் செய்த வேலை, வீட்டு முற்றம் முழுதும் சிமெண்ட் போட்டது. புல் வெட்டச் சொன்ன துரையின் புத்தி நமக்குள்ளும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. மழை பெய்தால் ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காமல் நேரே லோங்காங் வடிகாலில் போய் விழுகிறது. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையிலிருந்து காட்டாறு பாய்ந்து, யான் பக்கம் உயிர்களையே கொண்டுபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாங்காத மழையும் தாங்காத வெயிலும் நமக்கு இனி மாறி மாறி வரும். மண் குடிக்க இடம் வைக்காவிட்டால் இரண்டிலும் நமக்குத்தான் நட்டம்.

மழைக்காக ஜெபிக்க வேண்டாமா? வேண்டும். திருஅவையின் திருப்பலி நூலில் மழை வேண்டி ஒப்புக்கொடுக்கும் திருப்பலியே இருக்கிறது. இந்த வாரம் ஒரு நாள் அதை ஒப்புக்கொடுப்பேன். ஆனால் கேட்டு வாங்கிய மழையை லோங்காங்கில் விட்டுவிட்டு, அடுத்த மாதம் மறுபடியும் முழந்தாளிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே இந்தத் தவக்காலத்துக்கு, வெள்ளிக்கிழமை கறி தவிர்ப்பதோடு, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள், மரத்தடியிலேயே பரப்பி மூடிவிடுங்கள். முற்றத்தில் ஒரு மூலையிலாவது சிமெண்டைப் பெயர்த்து, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, கூரைத் தண்ணீரை அதில் இறக்குங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு வெட்டுங்கள். எப்படி வெட்டுவது என்று வீட்டிலிருக்கும் தாத்தாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். உங்கள் அன்பியத்தில் எந்த வீட்டில் தண்ணீர்த் தொட்டி இல்லை, எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்று பெயர் எழுதி, அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன் என்னிடம் கொடுங்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள், வேலை முடிந்து வரும் அந்நியத் தொழிலாளிகள் குடிக்க வாசலில் ஒரு குடம் தண்ணீர் வையுங்கள். அவர்கள் எந்த மதம், எந்த நாடு என்று கேட்க வேண்டாம். இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.