எழுதுபலகையை நீட்டுவோம்



பேச்சிழந்த சக்கரியாஸ் எழுதுபலகை கேட்டு வாங்கி, தம் மகனின் பெயர் அருளப்பர் என எழுதினார் (லூக். 1:63). நாவு கட்டுண்டபோதும் தகப்பனின் சொல் தகப்பனுடையதாகவே இருந்தது.

1983க்குப் பின் ரொறன்ரோவில் குடியேறிய நம்மவர் பலர் ஆங்கிலம் அறியாது நாவிழந்தனர். பாடசாலைக் கடிதத்தைப் பிள்ளையே வாசித்துச் சொல்லும். பதிலையும் அதுவே எழுதும். தன் குறையைத் தானே மொழிபெயர்ப்பது பிள்ளைக்குச் சோதனையல்லவா?

அங்குள்ள உங்கள் உறவினருக்கு எழுதுங்கள்: ஆங்கிலம் கற்றவர் அத்தகைய தாயின் அருகில் அமரட்டும். பிள்ளையின் பெயர், வகுப்பு, திகதி, விடயம்; நான்கு வரி போதும். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். எழுதியதை வாசித்துக் காட்டட்டும். சொல்லும் கையொப்பமும் தாயுடையவை; பலகையை நீட்டுவதே நம் பணி.

எழுதியதும் சக்கரியாஸின் நாவு அவிழ்ந்தது. இவர்களுடையதும் அவிழும்.