கயிலையும் காரியப் பொருளே

மலை நிலையானதா என்பது சைவ சித்தாந்தத்துக்குப் புறம்பான கேள்வி அன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம், தோன்றி நின்று ஒடுங்கும் உலகம் காரணத்தால் விளைந்த காரியப் பொருள் என்றும், அதை ஆக்கும் கருத்தா ஒருவன் வேண்டும் என்றும் நிறுவுகிறது. உடல்கள் பிறந்து இறப்பதைக் காண்கிறோம். மண்ணும் மலையும் தோன்றியதை யார் கண்டார் என்பது இதற்கு எழும் பழைய தடை. ஒரு பகுதி அழிவதைக் கொண்டு முழுவதும் அழியும் என அனுமானிக்கலாம் என்பது சித்தாந்திகளின் விடை.

அந்த அனுமானத்துக்கான சான்றை இன்று பாறைகளே தருகின்றன. பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. கடல்தளத் தட்டு அடர்த்தி மிக்கது. கண்டத்தை நெருங்கும்போது அதன் அடியில் அமிழ்கிறது. அமிழும் தட்டு வெளியிடும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. உருகிய குழம்பு மேலெழுந்து, ஆறிக் கருங்கல்லாகிறது. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தபோது இடையே இருந்த டெதிஸ் கடலின் தளம் இவ்வாறே ஆசியாவின் அடியில் அமிழ்ந்தது. கடல் மறைந்ததும், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இரு கண்டங்களும் மோதின. கண்டப் பாறை இலேசானது; எளிதில் அமிழாது. ஆகவே கடலடிப் படிவுகள் மடிந்தும், பிளந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் இமயமாயின. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புக்கல்லில் கடலுயிர்களின் எச்சங்கள் காணப்படுவது இதனால்தான்.

கயிலை இன்னும் பிந்தியது. டெதிஸ் அமிழ்ந்தபோது உண்டான கருங்கல் தேய, ஆறுகள் அடித்து வந்த கூழாங்கற்களும் மணலும் படுக்கை படுக்கையாக இறுகி அம்மலையாயின. அப்படுக்கைகளின் வயது ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளே. தென்கயிலை எனப் போற்றப்படும் திருகோணமலைக் கோணேசர் மலையின் பாறையோ, கொண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த மோதலில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. அடியாழத்தில் பழம்பாறை கிடக்க, அதன்மேல் மயோசின் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் மடியாமல் ஏறக்குறைய மட்டமாகவே பரந்திருக்கிறது. மழைநீர் அதை இன்றும் கரைக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அந்தக் கரைவின் விளைவுகள். மோதல் எட்டாத இந்த மண்ணிலும் தோற்றமும் ஒடுக்கமும் ஓயவில்லை.

இச்சான்றுக்கு எல்லை உண்டு. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது சித்தாந்தம் காட்டும் உவமை. நிலவியல் மண்ணையும் அது உருமாறும் முறையையும் ஆராய்வது. குயவனைப் பற்றிய வினா அதன் துறைக்குள் வராது. உலகம் காரியம் என்ற கூற்றுக்கு அது வலுச் சேர்க்கும்; கருத்தா உண்டென்று நிறுவவும் மாட்டாது, இல்லையென்று மறுக்கவும் மாட்டாது. கயிலைக் கற்களின் வயது தெரிந்ததால் சைவருக்கு இழப்பேதும் இல்லை. சித்தாந்தம் அநாதி என்று கொள்வது பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என்னும் மூன்றையே. மலையோ, பாசத்துள் அடங்குவதும் உலகுக்கு முதற்காரணமுமான மாயையின் காரியம்.