"வருகிறேன்" என்று சொல்லலாமா?

நம் வீடுகளில் எவரும் "போகிறேன்" என்று சொல்லி விடைபெறுவதில்லை. "போய் வருகிறேன்" என்பதே மரபு. மீண்டும் காண்போம் என்னும் நம்பிக்கையை ஊட்டும் மங்கலச் சொல் அது. ஆனால் திரும்பி வாராத பிரிவின்போது, அதிலும் சொல்லை அப்படியே நம்பும் குழந்தையிடம், அதைச் சொல்லலாமா? இவ்வினா பல ஆண்டுகளாக என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடக்கின்றது.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, திருப்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி 2008-ல் ஓய்வு பெற்றேன். பின்னர் அப்பகுதியிலிருந்த குழந்தைகள் இல்லம் ஒன்றில் வாரம் மூன்று நாட்கள் பாட்டும் கதையும் சொல்லிவந்தேன். பனியன் தொழிலை நம்பிப் பல மாவட்டத்தார் வந்து குடியேறும் ஊர் திருப்பூர். சுற்றத்தாரைப் பிரிந்து வந்த குடும்பத்தில் நோயோ மரணமோ நேர்ந்துவிட்டால், குழந்தையைத் தாங்கிப் பிடிக்கப் பாட்டியோ சித்தியோ அருகில் இருப்பதில்லை.

2011-ல் அங்கிருந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை இத்தாலி நாட்டுத் தம்பதியர் தத்தெடுத்தனர். "அழ விடாமல் அனுப்ப வேண்டும்" என்பது இல்லத்தின் வழக்கம். அதனால் அவனை வளர்த்த ஆயாவை அன்று வர வேண்டாம் என்று சொல்லிவிட்டனர். கோவை விமான நிலையத்துக்குக் கார் புறப்படும் வேளையில், அவன் என் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, "நீயும் வா டீச்சர்" என்றான். "நீ முன்னாலே போ கண்ணு, சாயங்காலம் டீச்சர் வந்துவிடுவேன்" என்றேன். உடனே தலைப்பை விட்டுவிட்டான், அழவில்லை. சமர்த்துப் பிள்ளை என்று எல்லோரும் மெச்சினர்.

சில மாதங்கள் கழித்து, அவனுடைய புதிய தாய் எழுதிய கடிதத்தை இல்லத்தில் வாசித்தனர். பிள்ளை நன்றாக உண்கிறான், உறங்குகிறான். ஆனால் மாலையானால் வாசற்கதவருகே சென்று அமர்ந்துவிடுகிறான், காரணம் புரியவில்லை என்று அவர் எழுதியிருந்தார். அவருக்குப் புரியாத காரணம் எனக்குப் புரிந்தது.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவப் பெருந்தகை இடமளிக்கவில்லையா என என்னையே கேட்டுக்கொண்டேன். அந்த இடத்தில் புகலிடம் தேட முயன்றேன், முடியவில்லை. என் பொய்யால் விளைந்த நன்மை யாருக்கு? அழுகையைக் காணும் துன்பத்திலிருந்து தப்பியவர்கள் பெரியவர்களாகிய நாங்கள். அதற்குரிய விலையைக் கதவருகே அமர்ந்து செலுத்தியவன் அவன்.

இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் வாய்மை அணுவிரதத்தை வகுக்கும்போது, பொய் சொல்லாமையோடு, பிறரைப் பொய் சொல்லச் செய்யாமையையும், பிறருக்குக் கேடு தரும் உண்மையைச் சொல்லாமையையும் சேர்த்தே கூறுகின்றார். கேடு தரும் உண்மையைத் தவிர்க்கலாம் என்றால், அதன் இடத்தில் பொய்யை வைக்கலாம் என்பது பொருளன்று. மௌனம் உண்டு, மென்மையான சொல் உண்டு, உடனிருந்து கண்ணீரைத் துடைக்கும் கை உண்டு. இவ்வளவும் இருக்க, நான் எடுத்தது எளிய வழி.

அழாத குழந்தை அமைதியாக இருக்கின்றது என்று எண்ணுவதும் பிழை. 1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், எட்டு நாட்கள் பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைத் திரைப்படமாக எடுத்தார். அவள் பெரும்பாலும் அழாமலே இருந்தாள். ஆனால் அந்த அடக்கத்துக்குள் இருந்த துயரத்தைப் படம் காட்டிற்று. மருத்துவமனைகளில் பெற்றோரை உடனிருக்க விடும் மாற்றத்துக்கு அத்தகைய ஆய்வுகள் வழி செய்தன.

அயல்நாட்டுத் தத்துக்கு நம் நாட்டில் நெறி வகுத்தது 1984-ஆம் ஆண்டின் லட்சுமி காந்த் பாண்டே வழக்குத் தீர்ப்பு. முதலில் இந்நாட்டிலேயே குழந்தைக்குப் பெற்றோரைத் தேட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் வலியுறுத்திற்று. குழந்தையின் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ப அதன் விருப்பத்தையும் கருத வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். விருப்பத்தைக் கேட்க வேண்டுமானால் நடப்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கார்க் கதவு மூடும் கணத்தில் என்ன சொல்வது என்பதைச் சட்டம் எழுதித் தர இயலாது. அது நம் அறவுணர்வின் பொறுப்பு.

அதைச் செய்துகாட்டியவர், முன்பு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை பார்த்த ஓர் ஆயா. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு சிறுமி புறப்பட்டபோது, "நான் இருந்துதான் அனுப்புவேன்" என்று அவர் உறுதியாக நின்றார. கட்டிங் வேஸ்ட் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, அவள் நாள்தோறும் போர்த்தி உறங்கிய சிறு போர்வையை மடித்துக் கையில் கொடுத்தார். "அம்மிணி, இனிமேல் இவங்கதான் உனக்கு அம்மா, அப்பா. நான் கூட வர மாட்டேன். உன்னை நினைச்சுட்டே இருப்பேன்" என்றார். குழந்தை கதறிற்று. ஆயாவும் அழுதார். புதிய தாய் மொழி தெரியாமல் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அரை மணி நேரம் கார் காத்து நின்றது. அவள் அழுதுகொண்டேதான் போனாள். ஆனால் வாராத ஒருவரை எதிர்பார்த்துக் கதவருகே அமர வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

சீவக சிந்தாமணியில் விசயை, சுடுகாட்டில் ஈன்ற மகவைக் கந்துக்கடன் எடுத்துச் செல்லும்படி விட்டுவிட்டு மறைந்து நிற்கின்றாள். வாய் திறந்து எதுவும் சொல்ல முடியாத நிலை. ஆயினும் முத்திரை மோதிரத்தை மகனிடம் வைத்துச் செல்கின்றாள். பேச இயலாதபோதும் மெய்யான ஒன்றை விட்டுச் செல்ல முடியும் என்பதற்கு அது சான்று. ஆயாவின் போர்வையைக் கண்டபோது எனக்கு அந்த மோதிரமே நினைவுக்கு வந்தது.

இது தத்துக் குழந்தைகளோடு முடிவதன்று. பள்ளியில் விட்டுவிட்டுப் பின்வாசல் வழியே நழுவும் தாயும், "அப்பா கடைக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லி வெளியூர் செல்லும் தந்தையும் நம் இல்லங்களிலும் உண்டு. நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் எந்தப் பிள்ளை அவ்வாறு ஏமாற்றப்பட்டது என்பதை, அது வாசலைப் பார்க்கும் பார்வையிலேயே அறிந்திருக்கின்றேன். அறிந்திருந்தும் நானும் அதையே செய்தேன்.

அச்சிறுவன் இப்போது பதினெட்டு வயதை எட்டியிருப்பான். வளர்ந்தபின் தம் வேர்களைத் தேடி வருவோருக்கு உதவ விதிமுறைகள் உள்ளன. ஒருநாள் அவனும் வரக்கூடும். தசலட்சண நாட்களின் நிறைவில் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டும்போது, ஆண்டுதோறும் அவனையும் நினைத்துக்கொள்கின்றேன். வந்தால், "சாயங்காலம் வருகிறேன் என்றது பொய், கண்ணு, மன்னித்துவிடு" என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்காகவாவது நான் இருக்க வேண்டும்.