இரு வண்டிகளும் ஒரு மனச்சான்றும்

ஒருவர் எதை உடைமையாகக் கொண்டிருக்கிறார் என்பதை வைத்து அவரை அளப்பது உலக வழக்கு. அந்த உடைமையை எப்போது, யாருக்காகப் பயன்படுத்துகிறார் என்பதை வைத்து அளப்பது அறத்தின் வழக்கு. வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு காரும் நிற்கும்போது, எதன் சாவியைக் கையில் எடுப்பது என்பது வெறும் வசதியைப் பற்றிய கேள்வியாகவே தோன்றும். சற்று நின்று எண்ணிப் பார்த்தால், யாருடைய மதிப்பை நாம் நாடுகிறோம், யாருடைய உயிரை அரியதாகக் கருதுகிறோம் என்பதையெல்லாம் அந்தச் சிறு தேர்வு வெளிப்படுத்திவிடுகிறது.

எருமப்பட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், கொல்லிமலை அடிவாரத்தை அடுத்த சமவெளியில் இருக்கும் பேரூர் இது. உழவும், கோழிப் பண்ணையும், லாரித் தொழிலும் வாழ்வளிக்கும் வட்டாரம். இங்கே வண்டி என்பது ஆடம்பரப் பொருளன்று. காலின் நீட்சி போன்றது. சைக்கிள் ஓடிய தடத்தில் 1980-க்குப் பின் டி.வி.எஸ். 50 ஓடியது, பிறகு மோட்டார் சைக்கிள் பெருகியது. 1983-இல் வந்த மாருதி 800, நடுத்தரக் குடும்பத்தின் கனவில் காருக்கும் ஓர் இடம் தேடிக் கொடுத்தது. ஆனால், கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளை விற்றுவிடவில்லை. வாசலில் ஒன்று, கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் மற்றொன்று என இரண்டும் நிற்கின்றன. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களிடம் இருசக்கர வண்டி உண்டு. கார் இருப்பதோ நூற்றில் எட்டுக்கும் குறைவான குடும்பங்களிடமே. எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் நிலையே ஒரு பேறுதான். பேறு பெற்றவருக்குப் பொறுப்பும் கூடுதல் அன்றோ?

தோட்டத்திற்குப் போக, பால் ஊற்றி வர, தீவன மூட்டை கொண்டுவர, நாமக்கல் கடைவீதியில் ஓர் இடுக்கில் நிறுத்திவிட்டு மருந்து வாங்கி வர, இருசக்கர வண்டியே ஏற்றது. ஒரு லிட்டர் பெட்ரோலில் அது ஐம்பது கிலோமீட்டருக்கு மேலும் ஓடும். சிறிய காரோ அதில் மூன்றில் ஒரு பங்களவே ஓடும். தனியொருவர் தம் உடலைக் கொண்டுசெல்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ இரும்பையும் உடன் இழுத்துச் செல்வது சிக்கனமாகாது. ஓரிருவரை மட்டும் சுமந்த கார்கள் நகரங்களை நெரிசலாலும் புகையாலும் நிரப்புவதைத் திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார். அந்த வகையில், தனியே செல்லும்போது மோட்டார் சைக்கிளை எடுப்பவர் படைப்பின் மீது சிறிதளவேனும் இரக்கம் காட்டுகிறார் எனலாம்.

பெருமையின் குதிரை

கார் வெளியே வரும் வேளைகள் வேறு. திருமணம், பெண் பார்க்கும் நிகழ்ச்சி, சம்பந்தி வீட்டு விருந்து, வேளாங்கண்ணித் திருப்பயணம், திருவிழாத் திருப்பலி ஆகியவற்றிற்குத் தார்ப்பாய் விலகுகிறது. இவற்றுள் தவறேதும் இல்லை. குடும்பம் முழுவதும் ஒன்றாகப் பயணம் செய்வது நல்லதே. ஆனால் இந்தத் தேர்வுகளுக்கு அடியில் எழுதப்படாத விதியொன்று உறைந்து கிடக்கிறது: ஊர் பார்க்கும் இடத்திற்குக் கார், ஊர் பாராத வேலைக்கு இருசக்கர வண்டி.

வண்டியை மனிதரின் மதிப்போடு பிணைப்பது இன்று நேற்று வந்த பழக்கமன்று. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிச் சிறுபாணாற்றுப்படை பேசும்போது, அவனுடைய குதிரையையும் ஓரி என்றே குறிப்பிடுகிறது. அவனோடு போரிட்ட காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஆளும் ஊர்தியும் ஒரே பெயரில் அடங்கிவிட்டனர். இன்றும் நம் ஊர்களில் ‘புல்லட்காரர்’ என்றும் ‘கார்க்காரர்’ என்றும் ஆட்களைச் சுட்டுவதில்லையா? ஏறி வந்ததே ஆளின் பெயராகிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, எருசலேமுக்குள் நுழைந்த நம் ஆண்டவர் போர்க்குதிரையைத் தேடவில்லை. கழுதைக் குட்டியின் மீது அமர்ந்து வந்தார். அதுவும் இரவலாகப் பெற்றது.

பெருமை எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்து செல்லும் குடும்பங்களைக் கண்டே மலிவான காரைப் பற்றி எண்ணத் தொடங்கியதாகத் தொழிலதிபர் ரத்தன் டாட்டா கூறியிருக்கிறார். 2008 சனவரி 10 அன்று டெல்லியில் நானோ அறிமுகமானது. ஒரு லட்ச ரூபாய் என்பதே அதன் புகழாயிற்று. அதுவே அதன் சுமையுமாயிற்று. ஸ்கூட்டரில் நனைந்த குடும்பம் மழைக்குக் கூரை வேண்டும் என்று விரும்பியது. ஆனால், ‘மிக மலிவான காரில் வருபவர்’ என்று அழைக்கப்பட விரும்பவில்லை. சில வண்டிகள் தீப்பற்றிய செய்திகளும் சேர்ந்துகொள்ள, விற்பனை தளர்ந்து, பின்னர் உற்பத்தியே நின்றது. மலிவானது என்று விளம்பரப்படுத்தியது பிழை என்பதை டாட்டாவே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். நனைவதைப் பொறுத்துக்கொள்ளும் மனிதர், இளப்பமாகப் பார்க்கப்படுவதைப் பொறுத்துக்கொள்வதில்லை.

பாதுகாப்பான இருக்கை யாருக்கு?

பெருமைக்காகக் கார் எடுப்பது சிறு குறையாகவே நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்தப் பழக்கத்தின் மறுபக்கத்தைக் காண வேண்டும். கௌரவத்திற்குரிய நாள்களுக்கென்று கார் காத்திருக்கும்போது, ஆபத்து நிறைந்த அன்றாடம் இருசக்கர வண்டியின் பங்காகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காரில் அமரும் குழந்தை, திங்கட்கிழமை காலையில் பெட்ரோல் டாங்கின் மீது அமர்ந்து, தலைக்கவசமின்றி, லாரிகளுக்கு நடுவே பள்ளிக்குப் போகிறது. கைக்குழந்தையோடு பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து, ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு செல்லும் தாய்மாரை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என மைய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். தமிழகத்தில் மட்டும் 17,884 பேர் மாண்டனர். இவை வெறும் எண்களல்ல. ஒவ்வொன்றும் ஓர் இல்லத்தின் விளக்கு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வண்டியில் அழைத்துச் சென்றால் பாதுகாப்புக் கச்சையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்னும் விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் குழந்தையை நினைத்திருக்கிறது, வீடு நினைத்திருக்கிறதா?

எளிமையாக வாழ்கிறோம் என்று சொல்லி இதற்கு அமைதி காண இயலாது. தன் உடலை வருத்துவது எளிமையாகலாம். பிறருடைய உயிரைப் பணயமாக வைப்பது எளிமையாகாது. பெட்ரோல் செலவை எண்ணியே பலர் தயங்குகிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. கார் இல்லாத பெரும்பான்மையோர்க்கு வேறு வழியே இல்லை என்பதையும் அறிவோம். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. இங்கே நாம் பேசுவது இரண்டும் வைத்திருப்பவர்களைப் பற்றியே. விவேகம் என்பது சூழலுக்குத் தக்கபடி நன்மையைத் தேர்ந்தெடுக்கும் நற்பண்பு எனப் புனித தாமஸ் அக்குவினாஸ் வழிவந்த மரபு போதிக்கிறது. நள்ளிரவு, மழை, முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை இவை காரை அழைக்கும் காரணங்கள். தனியாள், பகல்வேளை, குறுந்தொலைவு இவை இருசக்கர வண்டிக்குரியவை. கௌரவம் இவ்விரு பட்டியலிலும் இடம்பெறத் தேவையில்லை.

இரண்டையும் அறிந்தவர் கடன்

பிறர் நமக்குச் செய்ய வேண்டும் என்று விரும்புவதையே நாம் பிறர்க்குச் செய்ய வேண்டும் என்பது நற்செய்தி காட்டும் நெறி. பொதுவாக இதைக் கடைப்பிடிக்க, பிறருடைய நிலையில் நம்மை வைத்துப் பார்க்கும் கற்பனை வேண்டும். இரு வண்டிகளையும் ஓட்டுபவருக்கோ கற்பனை வேண்டியதில்லை. நினைவு ஒன்றே போதும். காலையில் அவரே அந்த நிலையில் இருந்தவர்தாம்.

கடந்து செல்லும் பேருந்தின் காற்று கைப்பிடியை அசைப்பதை அவர் அறிவார். திருப்பத்தில் சிதறிக் கிடக்கும் மணல் எவ்வளவு அச்சம் தரும் என்பதை அறிவார். எதிரே வரும் கார் ‘டிம்’ செய்யாமல் முழு வெளிச்சத்தோடு வரும்போது சில நொடிகள் சாலையே மறைந்துபோவதை அறிவார். தேங்கிய சேற்று நீர் சட்டை மீது தெறிப்பதையும், நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறப்பதையும் அறிவார். ஆனால் மாலையில் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால், குளிர்ந்த காற்றும் இசையும் சேர்ந்து அந்த அறிவை மெல்ல மறைத்துவிடுகின்றன. காலையில் தாம் சபித்ததையே மாலையில் செய்யும் மனிதராகிவிடுகிறார். கார் மட்டுமே ஓட்டிப் பழகியவர் அறியாமையைக் காரணம் காட்டலாம். இவர் காட்ட இயலாது. அறிந்து மறப்பது, அறியாமையைவிடக் கனமானது.

இந்தக் கடன் ஒருபக்கமானதன்று. காரின் கண்ணாடியில் மோட்டார் சைக்கிள் எவ்வளவு சிறிதாகத் தெரியும், சில கோணங்களில் தெரியவே தெரியாது என்பதைக் கார் ஓட்டியவர் அறிவார். எனவே இருசக்கர வண்டியில் செல்லும்போது இடதுபுறம் நுழைந்து முந்துவதையும், லாரியின் பின்சக்கரத்தோடு ஒட்டிச் செல்வதையும் அவர் தவிர்க்கக் கடமைப்பட்டவர். இருசக்கர வண்டி எளியது என்பதால் அதில் ஆணவம் ஏறாது என்பதில்லை. நடந்து செல்பவருக்கு அதுவும் ஓர் இரும்புதான்.

ஏறி வருபவருக்கு வழி

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய மலைப்பாதைகளுக்கென 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளில் ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது: இரு வண்டிகள் விலகிச் செல்ல இடம் போதாதபோது, இறங்கி வருபவர் ஓரமாக நின்று, ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும். பாரத்தை இழுத்து ஏறுபவர் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். இறங்குபவருக்கு அத்தனை கடினமில்லை. யாருக்கு எளிதோ அவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்னும் அறத்தைச் சட்டமே இங்கே பேசுகிறது. சமவெளியிலும் இதே நெறியை நாம் மேற்கொள்ளலாகாதா? கூரையும் இருக்கைவாரும் உடையவர், அவை இல்லாதவருக்கு வழிவிடட்டும். எந்திரம் உடையவர், நடப்பவருக்கு வழிவிடட்டும்.

திருச்சபை இதைச் சிறு செய்தியாகக் கருதியதில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேக வரம்புச் சட்டங்களை அலட்சியம் செய்வோரைச் சமூகக் கடமை மறந்தவர்களின் வரிசையில் வைத்துக் கண்டித்தது. குடிபோதையாலோ வேக வெறியாலோ சாலையில் பிறர் உயிருக்கு ஊறு விளைவிப்பது பெருங்குற்றம் என 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பணி வழிகாட்டியோ, கார் அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாகிவிடலாகாது என எச்சரித்தது.

நம் உழைப்பால் வாங்கிய வண்டியை நம் விருப்பப்படி ஓட்ட நமக்கு உரிமையில்லையா என்று சிலர் கேட்கலாம். உரிமை உண்டு, ஆனால் சாலை நம் உடைமையன்று. அது எல்லாருக்கும் பொதுவானது. எரிகோ செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட சமாரியர், தாம் ஏறிவந்த விலங்கின் மீதே அவனை ஏற்றினார். அப்படியானால் எஞ்சிய வழியை அவர் நடந்தே கடந்திருக்க வேண்டும். அடிபட்டவரைத் தூக்கினால் வழக்கில் சிக்குவோம் என்னும் அச்சத்திற்கும் இன்று இடமில்லை. நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்கும் பிரிவு 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. காயமுற்றவரை நம் மோட்டார் சைக்கிளில் ஏற்ற இயலாமற்போகலாம். காரின் பின்னிருக்கையில் கிடத்த இயலும். அந்த இருக்கை கறைபடுமே என்று தயங்காத நெஞ்சம் வேண்டும்.

வண்டிகள் பெருகுவதை நாம் தடுக்க வேண்டியதில்லை. உடைமை கூடும்போது நினைவும் கூட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். நாளைக் காலை வீட்டை விட்டுக் கிளம்பும் முன், ‘என்னோடு வருபவர் யார்? சாலையில் எனக்கு எதிரே வரப்போகிறவர் யார்?’ என்று ஒரு நொடி கேட்டுக்கொள்வோம். எந்தச் சாவியை எடுப்பது என்பது அப்போது தானே விளங்கும். எதை எடுத்தாலும், இரவில் எதிரே ஒற்றை விளக்கொன்று தள்ளாடி வரக் கண்டால், நம் விளக்கைச் சற்றுத் தாழ்த்துவோம். யாரும் பாராட்டாத, யாருக்கும் தெரியாத அன்புச் செயல் அது. ஒரு வீட்டிற்கு அதன் மகனைத் திருப்பித் தரும் செயலாகவும் அது அமையலாம்.