கடவுளும் ஒரு பகு எண்ணும்

2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 14,75,73,95,25,89,67,64,12,927 என்ற 21 இலக்க எண் கிடைக்கும். 19,37,07,721 என்பதை 7,61,83,82,57,287 என்பதால் பெருக்கினாலும் இதே எண் வரும். ஆகவே இது பகு எண். இந்த உண்மை நிலைபெறுவது மனிதர் கண்டறிந்ததாலா, இறைவன் விதித்ததாலா, தன்னியல்பாலா என்பது தத்துவமும் இறையியலும் சந்திக்கும் கேள்வி.

இவ்வகை எண்களின்மீது பழங்காலத்திலேயே நாட்டம் இருந்தது. 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துப் பெறும் எண் பகா எண்ணானால், 2-இன் முந்தைய அடுக்கால் அதைப் பெருக்கி நிறைவெண் பெறலாம் என்று யூக்ளிட் நிறுவினார். தன்னை ஒழித்த பிற காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமானதே நிறைவெண். 6, 28 ஆகியவை அத்தகையவை. இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்ததால் 6 நிறைவு பெறவில்லை, அது நிறைவெண்ணாக இருந்ததாலேயே ஆறு நாளில் படைத்தார் என்று புனித அகஸ்டின் கருதினார். படைப்புக்கு முன்பே எண்ணின் இயல்பு நிலைத்திருந்தது என்பது இதன் பொருள்.

பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில், 67-ஆம் அடுக்கு பகா எண் தரும் என்று குறித்தார். அது தவறு என்று 1876-இல் எதுவார் லூக்கா நிறுவினார். ஆனால் அவர் ஒரு காரணியைக்கூடக் காணவில்லை. பகா எண் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனையை இவ்வெண் நிறைவேற்றவில்லை என்பதையே காட்டினார். காரணிகளை 1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் முன்வைத்தவர் ஃபிராங்க் நெல்சன் கோல். இரு காரணிகளையும் 67-இன் இருமடங்கான 134-ஆல் வகுத்தால் மீதி 1. அடுக்கு 67 என்ற பகா எண்ணாக இருப்பதால், இவ்வெண்ணின் எந்தப் பகாக் காரணியும் இவ்விதிக்கு உட்பட்டே தீரும்.

எனவே மனிதர் அறிந்ததால் இது பகு எண் ஆகவில்லை. எண்கள் மனத்தின் ஆக்கங்களே என்ற கணிதவியலர் பிரௌவரின் கொள்கையிலும் இதற்கு விலக்கில்லை: முடிவுள்ள கணக்கீட்டால் தீரும் கேள்வியின் விடையை, கணக்கிடுபவரின் விருப்பம் மாற்றாது.

இறைவனின் விருப்பம் மாற்றுமா? 1630-இல் மெர்சென்னுக்கு எழுதிய கடிதங்களில், அரசன் சட்டம் இயற்றுவதுபோல் இறைவனே கணித உண்மைகளை நிறுவினார் என்றார் டெக்கார்ட். லைப்னிட்ஸ் இதை மறுத்தார். அவ்வுண்மைகள் இறைவனின் அறிவில் உறைபவை, விருப்பத்தால் விளைந்தவை அல்ல என்றார்.

லைப்னிட்ஸின் விடையே வலுவானது. காரணிகளை இழந்த இவ்வெண் வேறோர் எண்ணாகிவிடும். பெருக்கலும் பெருக்கலாக இராது. தன்னோடு தானே முரண்படுவது செய்யத்தக்க செயலே அல்ல என்பதால், அதைச் செய்யாமை எல்லாம்வல்ல தன்மைக்குக் குறையாகாது என்று தாமஸ் அக்வினாஸ் முன்பே விளக்கியிருந்தார். ஆகவே இவ்வெண் பகு எண்ணாக இருப்பது இறைவனின் ஆற்றலுக்கு இட்ட எல்லை அன்று. அந்த எண்ணாக இருப்பதன் பொருளே அதுதான்.