கார்ல் என்கிற ஆள்

ஆட்பெயர்களுக்கு அர்த்தம் கிடையாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தர்க்க நூலில் சொல்கிறார். பெயர் ஒருவனைச் சுட்டும், அவனைப் பற்றி எதையும் தெரிவிக்காது. இதற்கு அவர் தரும் உதாரணம் அரேபியக் கதையில் வருவது: திருடன் ஒருவன் வீட்டுக் கதவில் சாக்கட்டியால் போடும் குறி. குறியை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கலாம்; வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியாது. முதன்முதல் படித்தபோது இது எனக்கு மறுக்க முடியாததாகத் தோன்றியது. பிறகு பன்னிரண்டு வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. திருடன் எதற்காகக் குறி போட்டான் என்பதை மில் அந்த இடத்தில் பொருட்படுத்தவில்லை. இரவில் திரும்பி வந்து உள்ளே இருப்பவர்களைத் தீர்த்துக்கட்டுவதற்காகப் போட்ட குறி அது.

இந்தச் சந்தேகத்தை ஒரே ஒரு பெயரை வைத்துப் பார்க்கிறேன். கார்ல்.

ஜெர்மானிய மொழிகளில் இது முதலில் பெயரே அல்ல, சாதாரணச் சொல். ஆள் என்று அர்த்தம். இன்னும் சரியாகச் சொன்னால் அடிமையும் அல்லாத, பிரபுவும் அல்லாத, தன் கையால் உழுது பிழைக்கிற சுதந்திரமான ஆள். ரீக்ஸ்தூலா என்கிற பழைய நார்ஸ் பாட்டில் ஒரு தெய்வம் வழிப்போக்கனாக மூன்று வீடுகளில் தங்கிச் செல்கிறது. மூன்று வீட்டிலும் பிள்ளை பிறக்கிறது. முதல் பிள்ளை த்ரேல், அடிமைகளின் மூதாதை. மூன்றாவது பிள்ளை யார்ல், பிரபுக்களின் மூதாதை. நடுவில் பிறந்தவன் கார்ல். மாடு பழக்குகிறான், ஏர் செய்கிறான், வீடு கட்டுகிறான். அரசன் வருவது யார்லின் வம்சத்தில். கார்லின் வழியில் அரசன் வரமாட்டான் என்பது பாட்டைக் கட்டியவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

ஆனால் வந்தான். பிராங்கு மக்களிடையே இந்தச் சொல் பெயராகியிருந்தது. அதைச் சரித்திரத்தில் பெரிதாக ஏற்றியவன் 741இல் இறந்த கார்ல் மார்ட்டெல். அவனும் அரசனல்ல, அரண்மனைக் காரியங்களை நடத்தும் அதிகாரி, கையில் படை இருந்தது. அவன் பேரன்தான் நாம் பாடப்புத்தகத்தில் ஷார்லமேன் என்று படித்தவன். 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று ரோமில் போப்பாண்டவர் கையால் முடிசூடிச் சக்கரவர்த்தியானவன். அதற்குப் பதினெட்டு வருஷம் முன்னால், 782இல், வெர்டன் என்கிற இடத்தில் ஒரே நாளில் 4,500 சாக்ஸன்களின் தலையை வெட்டச் செய்தான் என்று அவன் அரசவைக் குறிப்புகளே பதிவு செய்கின்றன. எண்ணிக்கையைப் பற்றி இன்றைய சரித்திரக்காரர்களுக்குள் விவாதம் உண்டு. சாக்ஸன்களுக்காக அவன் இயற்றிய சட்டத்தைப் பற்றி விவாதம் இல்லை: ஞானஸ்நானத்துக்கு மறுத்தால் மரணம், இறந்தவரைப் பழைய வழக்கப்படி எரித்தால் மரணம்.

அவனுடைய கிழக்கு எல்லைக்கு அப்பால் ஸ்லாவிய மக்கள் இருந்தார்கள். அவர்கள் மொழிகளில் நடந்ததுதான் வினோதம். செக் மொழியில் அரசன் என்பதற்கு ‘க்ரால்’. போலிஷில் ‘க்ரூல்’. ரஷ்யனில் ‘கரோல்’. ஹங்கேரிய மொழி ஸ்லாவிய மொழியல்ல, அண்டை வீட்டாரிடமிருந்து வாங்கி ‘கிராய்’ என்றது. லிதுவேனியர் ‘கராலியுஸ்’ என்றார்கள். துருக்கியிலும் ‘க்ரால்’தான். இவையெல்லாம் கார்ல் என்கிற அந்த ஒருவனுடைய பெயரிலிருந்து பிறந்தவை என்பதே மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. சீஸர் என்கிற பெயர் கைஸராகவும் ஜாராகவும் ஆனது போல. சீஸர் விஷயத்தில் ரோமர்களே பெயரைப் பட்டமாக்கிக்கொண்டார்கள். இங்கே எல்லைக்கு வெளியே நின்று பார்த்தவர்கள், தங்களை நோக்கிக் குதிரைகளோடு வந்த அதிகாரத்துக்கு வேறு சொல் இல்லாமல் அந்த ஆளின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இதன் விளைவாக ஒரு கேலிக்கூத்தும் உண்டு. 1316இல் பிராகில் பிறந்த வாட்ஸ்லாவ் என்கிற இளவரசன் பிரெஞ்சு அரண்மனையில் வளர்ந்தபோது, தன் மாமன்முறை அரசனின் பெயரை ஏற்றுக் கரெல் ஆனான். பிறகு பொஹீமியாவின் அரசனாகி, 1348இல் பல்கலைக்கழகம் நிறுவி, பாலம் கட்டினான். செக்காரர்கள் அவனை ‘க்ரால் கரெல்’ என்கிறபோது ஒரே சொல்லை இரண்டு முறை சொல்கிறார்கள். ஹங்கேரியின் கடைசி அரசன் பெயரும் கார்லின் ஹங்கேரிய வடிவமான காரோய். 1918இல் அதிகாரத்தை விட்டு விலகி, 1921இல் இரண்டு முறை அரியணைக்குத் திரும்ப முயன்று தோற்று, அடுத்த வருஷம் மடைராத் தீவில் இறந்தான். ராஜ்யம் போயிற்று, பெயரில் அரசன் மிச்சமிருந்தான். ரஷ்யர்கள் சதுரங்கம் ஆடும்போது காய்க்குக் காய் வெட்டுக் கொடுத்துக் காப்பாற்றுவதும் கரோலைத்தான்.

மில் இதற்கு என்ன சொல்வார் என்று யோசித்திருக்கிறேன். பெயராக இருந்த வரைக்கும் அர்த்தமில்லை, பொதுச்சொல் ஆன பிறகுதான் அர்த்தம் வந்தது என்று தப்பித்துக்கொள்ளலாம். எந்த நிமிஷத்தில் ஆனது? ஒரு கிராமத்தான் இன்னொருவனிடம் ‘கார்ல் வருகிறான்’ என்று சொல்லியிருப்பான். அதில் இருந்த பயம் அர்த்தமில்லையா? பிற்பாடு அகராதியில் ஏறியது அந்தப் பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால், இதே சொல்லின் கூடப் பிறந்ததற்கு வேறு கதி. பழைய ஆங்கிலத்தில் அது ‘சியோர்ல்’. ஆள், சுதந்திரமான குடியானவன் என்று அதே அர்த்தம். வெஸெக்ஸ் சட்டத்தில் அவனுக்கு ஒரு விலை இருந்தது. அவனைக் கொன்றவன் உறவினர்களுக்குக் கட்ட வேண்டிய தொகை 200 ஷில்லிங். பிரபுவுக்கு 1,200. கணக்குப் போடுகிறவன் கண்ணுக்கு இது ஒன்றுக்கு ஆறு. அநியாயம்தான், ஆனால் பூஜ்யம் அல்ல. சட்டத்தின் முன்னால் அவனுக்கு இருப்பு இருந்தது. 1066இல் நார்மன்கள் வந்தார்கள். சியோர்ல் பண்ணையோடு கட்டப்பட்ட குடியாகக் கீழிறங்கினான். சொல்லும் கூடவே இறங்கியது. சாஸர் தன் மில்காரனை இந்தச் சொல்லால் குறிப்பிடும்போது, அநாகரிகமாகப் பேசுகிறவன், கதையும் அப்படித்தான் இருக்கும் என்கிற எச்சரிக்கை அதில் வந்துவிட்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘சர்ல்’ என்றால் முரடன், கஞ்சன். பெயரில் என்ன இருக்கிறது என்று மாடத்தில் நின்று தர்க்கம் பண்ணுகிற ஜூலியட்டே, கடைசியில் ஒரு சொட்டு விஷம்கூட மிச்சம் வைக்காமல் குடித்துவிட்ட ரோமியோவை இந்தச் சொல்லால்தான் செல்லமாகத் திட்டுகிறாள். அந்த வசையில் ஒரு குடியானவன் புதைந்திருப்பது அவளுக்குத் தெரியாது. எங்களுக்குப் பாடம் எடுத்தவரும் சொல்லவில்லை.

இந்த மாதிரி அந்தஸ்துச் சொற்கள் குணச்சொற்களாக மாறுவதை ஸி.எஸ். லூயிஸ் 1960இல் எழுதிய சொல்லாராய்ச்சி நூலில் விவரிக்கிறார். ‘வில்லன்’ என்பவனும் ஆதியில் பண்ணையாள்தான். அவருக்கு முன்னால் 1887இல் நீட்ஷே இதையே மூர்க்கமாகச் சொல்லிவிட்டார். ஜெர்மனில் ‘கெட்ட’ என்கிற சொல்லும் ‘எளிய’ என்கிற சொல்லும் மூலத்தில் ஒன்று. மேலே இருந்தவன் தன்னை நல்லவன் என்றும் கீழே இருந்தவனைக் கெட்டவன் என்றும் அழைத்துக்கொண்டான். நம் ஒழுக்க அகராதி அங்கேதான் தொடங்குகிறது. நீட்ஷே சொல்வதில் உண்மை இருக்கிறது. அவருடைய உற்சாகம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. பெயர் சூட்டுவது எஜமானர்களின் உரிமை என்பதை அவர் ஏதோ படைப்புச் செயலைப் போல ரசிக்கிறார். கார்லின் கதையை முழுதாக வைத்துப் பார்த்தால் அதில் படைப்பு எங்கே இருக்கிறது? ஒரு கரையில் அந்தச் சொல் மகுடமாயிற்று, மறுகரையில் வசையாயிற்று. உழுதுகொண்டிருந்தவன் இரண்டு கரையிலும் ஒன்றும் செய்யவில்லை. சொல் மேலே போனதில் அவனுக்கு லாபம் இல்லை. கீழே போனதில் மட்டும் நஷ்டம் அவன் கணக்கில் எழுதப்பட்டது: முதலில் நிலத்தின் மேல் இருந்த உரிமை போயிற்று, பிறகு நற்குணம் போயிற்று. இரண்டாவது பறிமுதலுக்கு ஆயுதம்கூடத் தேவைப்படவில்லை. பேசினால் போதுமானதாக இருந்தது.

மற்ற வடிவங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஷார்ல், கார்லோ, கார்லோஸ், கரோல், பெண்களுக்குக் கரோலின், ஷார்லட். ஸ்வீடனில் மட்டும் ராஜாவுக்கும் கார்ல் என்று பெயர் வைப்பார்கள், தெருவில் போகிற ஆளையும் கார்ல் என்பார்கள். அங்கே சொல் இடம் பெயரவில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வியட்நாம் யுத்தத்தில் வியட்காங் என்பதன் இரண்டு முதலெழுத்துகளை ராணுவ ஒலிபரப்பு முறைப்படி ‘விக்டர் சார்லி’ என்று சொல்லி, பிறகு வெறும் ‘சார்லி’ ஆக்கினார்கள் அமெரிக்கச் சிப்பாய்கள். எழுத்துக்கூட்டலில் நேர்ந்த தற்செயல்தான். ஆனால் ஆயிரம் வருஷம் அரசர்களிடம் இருந்த பெயர், வயலில் தென்படும் எந்தக் குடியானவன் மேலும் விழக்கூடிய சந்தேகமாக அங்கே திரும்பி வந்தது. கதவில் மறுபடியும் சாக்கட்டிக் குறி.

தெற்கே ஒரு கிளையில் நான் வேலை பார்த்தபோது நகைக்கடன் புதுப்பிக்க வருஷம் தவறாமல் ஒரு பெரியவர் வருவார். இரண்டு ஏக்கரை வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். மிஷனரிகள் காலத்தில் அந்தப் பக்கம் வந்து சேர்ந்த பெயர்களில் ஒன்று அவருக்கு, சார்லஸ். ‘என்னப்பா சார்லஸ், வட்டி கொண்டாந்தியா’ என்பேன். அவருக்கு என் அப்பா வயது. அவருக்குப் பின்னால் நிற்கும் அரிசி ஆலைக்காரருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். அவர் ‘வாங்க சார்’. அதே வாரங்களில்தான் ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுதி, அதன் மொழியைப் ‘பாமரத்தனமானது’ என்று ஒரே சொல்லில் தள்ளியிருந்தேன். நம் பத்திரிகைகளில் நாம் எல்லோரும் கூசாமல் புழங்குகிற சொல். எழுதும்போது எனக்கு அது அழகியல் தீர்ப்பாகத்தான் பட்டது. அந்த நாவலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் குறை இருக்கிறது. இரண்டாம் பாகம் தளர்ந்துபோகிறது, உரையாடல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் என் மதிப்புரையில் இந்தக் குறைகளில் ஒன்றுகூடச் சொல்லப்பட்டிருக்கவில்லை.

அடுத்த வருஷம் அவர் வந்தபோது ‘வாங்க, உக்காருங்க’ என்றேன். அவர் உட்காரவில்லை. கடனில் ஏதோ சிக்கல் என்று நினைத்துப் பயந்துவிட்டார்.