ஒரு வினை, இரண்டு அரசு

அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரம், 2015 நவம்பர். ஹெட்லைட் பழுதான ஒரு காரை போலீஸ்காரர் நிறுத்துகிறார். உள்ளே கஞ்சா வாடை. சோதனை போட்டால் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி. ஓட்டி வந்த கேம்பிள் முன்பே கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றவர். துப்பாக்கியைத் தொடவே கூடாது. மாநிலக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஓராண்டுத் தண்டனை. அதோடு விடவில்லை. அதே துப்பாக்கிக்காக ஃபெடரல் (மத்திய) அரசும் வழக்குப் போட்டு 46 மாதம் வாங்கிக் கொடுத்தது.

ஒரே குற்றத்துக்கு இருமுறை வழக்கு கூடாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம். ஆனாலும் 2019இல் உச்ச நீதிமன்றம், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், இது செல்லும் என்றது. குற்றம் என்பது சட்டத்தை மீறுவது. சட்டம் இயற்றிய அரசுகள் இரண்டு. ஆகவே குற்றமும் இரண்டு. கேம்பிள் வழக்கின் சாரம் இவ்வளவுதான்.

இந்தியாவிலோ மத்தியச் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் பெரும்பாலும் ஒரே மாஜிஸ்ட்ரேட் முன்தான் வழக்கு வரும். நான் குடியிருக்கும் அமெரிக்க மாநிலமான நியூஜெர்சியில் ஜூரிப் பணிக்கான அழைப்பே இரண்டு இடத்திலிருந்து வருகிறது. நியூ பிரன்ஸ்விக்கில் மாநிலக் கோர்ட், கவர்னர் நியமித்த நீதிபதி. நெவார்க்கில் ஃபெடரல் கோர்ட், ஜனாதிபதி நியமித்த ஆயுட்கால நீதிபதி. இரண்டிலும் போய் உட்கார்ந்திருக்கிறேன். முன்னதில் நாளுக்கு 5 டாலர் படி கொடுத்தார்கள், பின்னதில் 50.

சைவ வீட்டில் வளர்ந்தவன் நான். வினை செய்தவனைச் சேர்ந்தது, அனுபவித்தால் கழியும் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். அதன் கணக்கை இரண்டு பேர் தனித்தனியாக வைத்திருப்பதாக யாரும் சொன்னதில்லை. கேம்பிள் வழக்கில் மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கின்ஸ்பர்க் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நின்றார்: இரண்டு அரசும் ஒரே மக்களின் கருவிகள், இருமுறை வழக்கு கூடாது என்ற பாதுகாப்பு தனிமனிதனுக்கானது, அரசுகளுக்கானது அல்ல.

நானும் அவர் பக்கம்தான். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் போலீஸ்காரர்களிடம் அடிபட்ட ராட்னி கிங்கின் வழக்கு உறுத்துகிறது. அவரை அடித்து நொறுக்கிய போலீஸ்காரர்கள் நால்வரில் ஒருவரைக்கூட 1992இல் மாநில ஜூரி தண்டிக்கவில்லை. அந்தத் தீர்ப்பால் நகரமே எரிந்தது. மறு ஆண்டு ஃபெடரல் ஜூரி இருவரைக் குற்றவாளிகள் என்றது. ஆளுக்கு 30 மாதம். இரண்டாவது வாசல் இல்லையென்றால் அதுவும் கிடைத்திராது.

கேம்பிள் முதல் வழக்கிலேயே பலனை அனுபவித்துவிட்டார், அந்தப் போலீஸ்காரர்கள் முதல் வழக்கில் அனுபவிக்கவே இல்லை என்று நான் பிரித்துப் பார்க்கலாம். வினைக் கணக்குக்கு அது பொருந்தும். கோர்ட்டுக்குப் பொருந்தாது. விடுதலையானவனை மறுபடி இழுக்கலாம், தண்டனை பெற்றவனை இழுக்கக் கூடாது என்று விதி வைத்தால், ஜூரி நிரபராதி என்று சொல்லி அனுப்பிய ஏழைக்குத்தான் முதலில் தூக்கம் போகும்.